சிறிகொத்தாவில் மாப்பிள்ளைப் பேச்சு, கல்முனையில் பந்தற்கால்

2019 ஓகஸ்டில் கல்முனைத் தேத்தண்ணிக் கடையில் மூன்று பேர் ஒரு வாங்கில் குந்தினால், ஒருவர் சஜித்தின் ஆள், ஒருவர் ரணிலின் ஆள், மூன்றாமவர் பிளேன்டிக்குக் காசு கொடுப்பவர். மூன்றாமவருக்குக் கொள்கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சபாநாயகர் கரு ஜயசூரியவின் ஆள்.

மூவரில் எவரும் ஐக்கிய தேசியக் கட்சியின் உறுப்பினர் இல்லை. கட்சியின் தலைமையகமான சிறிகொத்தா எங்கே என்று கேட்டால் கோட்டேப் பக்கம் என்று கையை மேற்கே நீட்டுவார்கள், அவ்வளவுதான். பாராளுமன்றத் தேர்தல் என்றால் முஸ்லிம் காங்கிரஸின் மரத்துக்குப் புள்ளடி. மரத்தோடு கோபம் வந்த வருடம் என்றால் மற்ற முஸ்லிம் கட்சிகளின் மயிலுக்கோ குதிரைக்கோ. ஆனாலும் ஐ.தே.க.வின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று அந்த இரண்டு மாதமும் இவர்கள் பட்ட பாட்டை அந்தக் கட்சிக்காரர்களே பட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் கரையோர ஊர்களில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். வளவும் வீடும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வந்து குடியேற வேண்டியதுதான். ஜனாதிபதித் தேர்தலிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. என்ன, மாப்பிள்ளையைப் பேசி முடிப்பது கொழும்பார். வீட்டைக் கட்டி, வெள்ளை அடித்து, பந்தலும் போட்டுவிட்டு வழி பார்த்திருப்பது எங்கள் பங்கு. மாப்பிள்ளை ஹெலியில் வந்திறங்கி ஒரு மணித்தியாலம் பேசிவிட்டுப் போனால், மறுகா ஐந்து வருடத்துக்கு ஆளைக் காணக் கிடைக்காது.

அமெரிக்காவில் இப்படியில்லை. அதே 2019இல், ஜூன் 26ஆம் 27ஆம் திகதிகளில், ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இருபது பேர் மியாமி நகரில் இரவுக்குப் பத்துப் பேராக மேடையேறி, டிரம்பை மடக்க ஆகத் தகுந்த ஆள் நானே என்று டீவிக்கு முன்னால் அடித்துக்கொண்டார்கள். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்ற சேர் ஒருவர் இதைக் கடையில் விளக்கினார்.

“ஒரே கட்சிக்காரங்களா சேர்?”

“ஒரே கட்சி.”

“மேடையில ஏறி, டீவியில, ஆளுக்காள் ஏசுறாங்க?”

“ஏசுறாங்க.”

“மறுகாவும் அதே கட்சியிலதான் இரிக்காங்க?”

“இரிக்காங்க.”

மீன் வியாபாரி ஒருவர் கிளாசைக் கீழே வைத்தார். “அப்ப அங்க செயற்குழு எண்டு ஒண்டு இல்லயா? பாவம்.”

எங்களுக்கு அந்தக் குறை இல்லை. ஓகஸ்ட் 11ஆம் திகதி பொதுஜன பெரமுன கோட்டாபயவை அறிவித்துவிட்டது. அங்கே விவாதமும் இல்லை, போட்டியும் இல்லை. அண்ணன் மஹிந்த கைகாட்டினார், தம்பி எழும்பி நின்றார். ஒரு வாரம் கழித்து காலிமுகத்திடலில் ஜே.வி.பி. அனுரவை நிறுத்தியது. ஐ.தே.க. மட்டும் யோசித்துக்கொண்டிருந்தது. சஜித் பிரேமதாசவுக்காகப் பதுளையில் கூட்டம், மாத்தறையில் கூட்டம், குருநாகலில் கூட்டம். சனம் அலைமோதியது. கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்க வாயே திறக்கவில்லை. 1994இலிருந்து கட்சித் தலைமையில் இருப்பவர். பேசாமல் இருப்பதில் அவரை வெல்ல இந்த நாட்டில் ஆள் இல்லை. சஜித் கத்தக் கத்த அவர் புன்னகைத்தார். இதற்குப் பெயர் உட்கட்சி விவாதம்.

ஆகவே சிறிகொத்தாவில் நடக்காத விவாதத்தைக் கல்முனையில் நாங்களே நடத்திக் கொடுத்தோம்.

ரணிலின் ஆள் தொடங்குவார்: உலகம் தெரிந்த மனுசன், இங்கிலீசில் பேசினால் வெள்ளைக்காரனே அகராதி தேடுவான், பொருளாதாரம் விரல் நுனியில். சஜித்தின் ஆள் மறுப்புச் சொல்லவே மாட்டார். “சரி. 1999ல சந்திரிக்காட்ட தோத்தாரு. 2005ல மஹிந்தட்ட தோத்தாரு. 2010ல சரத் பொன்சேகாவ உட்டுட்டு நிண்டாரு. 2015ல மைத்திரிய உட்டுட்டு நிண்டாரு. இவ்வளவு படிச்ச மனுசன், ஒரு தேர்தல் எப்பிடி வெல்லுற எண்டு மட்டும் ஒரு புத்தகத்தில பார்த்திருக்கப்படாதா?”

ரணிலின் ஆளுக்கும் வாய் இருந்தது. “உங்கட ஆள் என்ன செய்யப்போறாரு? வாப்பாட பேரச் சொல்லி ஊடு கட்டப்போறாரு.”

“ஊடு கட்டுறது உனக்குப் பிழையா? ரெண்டு குமர வெச்சிக்கிருக்காய், நீ பேசுறாய்?”

அதோடு ரணிலின் ஆள் அடங்கிவிடுவார். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டிய ஊரில், வீடமைப்பு அமைச்சர் ஒருவர் வேட்பாளராக வருகிறார் என்பதற்கு மேல் ஒரு வாதம் கிடையாது. மியாமி மேடையில் இருபது பேருக்கும் இது தோன்றியிருக்காது.

கருவின் ஆளிடம் ஒரே ஒரு வாதம்தான் இருந்தது: அவரைப் பற்றி யாரும் கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. மற்ற இருவரும் இதை ஒத்துக்கொண்டார்கள். அதனாலேயே அவருக்குக் கிடைக்காது என்பதிலும் ஒத்துக்கொண்டார்கள்.

இத்தனை சூடு ஏன் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். அந்த வருடம் ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்களுக்கு வேறு பேச்சு இருக்கவில்லை. ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் வெடித்தது. வெடித்த வீட்டிலிருந்தவர்கள் யாரென்றே ஊருக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு சோதனைச் சாவடியில் எங்கள் எல்லோரையும் தெரிந்தவர்கள் போலத்தான் பார்த்தார்கள். ஜூன் 3இல் அரசாங்கத்திலிருந்த முஸ்லிம் அமைச்சர்கள் மொத்தமாக இராஜினாமாச் செய்தார்கள். எதிரே நிற்பது கோட்டாபய. ஆகவே வாங்கில் நடந்த விவாதத்தின் அடியில் கிடந்த கேள்வி ஒன்றுதான்: இவரைத் தோற்கடிக்கக் கூடியவர் யார்? ஒரு மூத்தம்மா அதை அடுப்படியிலிருந்தே முடித்து வைத்தார்: “ஆரெண்டாலும் சரி மனே, ராவையில கதவத் தட்டாத ஒருத்தரா பார்த்து எடுங்க.”

செப்டெம்பர் 19ஆம் திகதி கதை உச்சத்துக்கு வந்தது. திடீரென்று விசேட அமைச்சரவைக் கூட்டம். விசயம் என்னவென்றால், நிறைவேற்று ஜனாதிபதிப் பதவியையே ஒழிப்பது. இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒழிப்போம் என்று சொல்லி ஒழிக்காத பதவியை, வேட்பாளர் யார் என்று முடிவாகாத ஒரு வியாழக்கிழமையில் ஒழிக்கப் பார்த்தார்கள். அமைச்சர்கள் பலர் எதிர்த்தார்கள், கைவிடப்பட்டது. கல்முனையில் ரணிலின் ஆட்களுக்கே வெட்கம் வந்தது. “கதிர எனக்குக் கிடைக்காட்டி விறகாக்கிப் போடுவன் எண்டுறது எங்கட ஊர் பள்ளிவாசல் நிருவாகத்திலயும் நடக்கிறதான்” என்று ஒருவர் ஆறுதல் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, 26ஆம் திகதி, செயற்குழு கூடி சஜித்தைத் தெரிவுசெய்தது. ஏகமனதாக! இரண்டு மாதம் ஒருவரையொருவர் பார்க்காமல் திரிந்தவர்கள் ஒரே பிற்பகலில் ஏகமனதாகிவிட்டார்கள். ரணில் கட்சித் தலைவராகவே தொடர்வார். கல்முனைச் சந்தியில் பட்டாசு வெடித்தது. யார் வாங்கிய பட்டாசு என்று விசாரித்தால், பாதி பேருக்கு ஐ.தே.க.வின் முழுப்பெயர் எழுத வராது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை பேச்சில் எங்களுக்கும் ஒரு காலத்தில் வாய் இருந்தது.

1988இல் ஜே.ஆர். ஜயவர்தன ஓய்வுக்குப் போகும்போது, லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க என்று இருவர் ஏக்கத்தோடு பார்த்திருக்க, வேட்பாளர் ஆனவர் ரணசிங்க பிரேமதாச, சஜித்தின் தந்தை. அந்த நேரம் எம்.எச்.எம். அஷ்ரப், சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி, முஸ்லிம் காங்கிரஸைக் கட்சியாகப் பதிந்து இரண்டு வருடம்கூட ஒழுங்காக ஆகவில்லை. விகிதாசாரத் தேர்தலில் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீத வாக்கு எடுக்காத கட்சிக்கு ஆசனம் இல்லை என்பது சட்டம். வெட்டுப்புள்ளி என்பார்கள். அஷ்ரப் பிரேமதாசவிடம் போய் வாக்குறுதி கேட்கவில்லை, அமைச்சு கேட்கவில்லை, ஒரு எண்ணைக் கேட்டார்: 5. அரசியலமைப்புக்குப் பதினைந்தாவது திருத்தம் வந்தது. டிசம்பர் 17ஆம் திகதி சட்டம். 19ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். பெப்ரவரியில் காங்கிரஸுக்கு நாலு ஆசனம். கைக்குக் கை. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர் சட்டமாகவே வாங்கிய மனிதரைப் பற்றிப் பழையவர்கள் இன்றைக்கும் பேசும்போது, அரசியல்வாதியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்காது. நல்ல விலைக்கு மாடு பிடித்தவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் புரிந்துணர்வு ஒப்பந்தம். புரிந்துணர்வு எங்களுக்கு, ஒப்பந்தம் அவர்களுக்கு.

2014 ஒரு தனிக் கூத்து. அந்த வருடம் நவம்பர் 21ஆம் திகதி மைத்திரிபால சிறிசேன எதிரணிக்குத் தாவினார். முதல் நாள் இரவு மஹிந்தவோடு இருந்து அப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் தாவினார் என்பது உலகறிந்த கதை. கடையில் அப்பம் கேட்டால் “முட்டையோடயா, முதுகுல குத்தோடயா?” என்று கேட்கும் அளவுக்கு அது பிரபலம். அன்றைக்கே ஊர் முடிவெடுத்துவிட்டது. அளுத்கமவில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்து ஐந்து மாதம். மஹிந்தவுக்குப் புள்ளடி போட இங்கே கை எழும்பாது.

ஆனால் மரத்தின் தலைவர் ரவூப் ஹக்கீம் மஹிந்தவின் நீதி அமைச்சர். ஆகவே கட்சியின் உச்சபீடம் கூடியது. ஆராய்ந்தது. கலைந்தது. மீண்டும் கூடியது. இன்னும் ஆழமாக ஆராய்ந்தது. டிசம்பர் 22இல் மயிலின் தலைவர் ரிஷாட் பதியுதீன் மைத்திரி பக்கம் போனார். உச்சபீடம் ஆராய்ந்துகொண்டிருந்தது. மாரி மழை பெய்தது, வட்டை நிறைந்தது, தபால் மூல வாக்களிப்பு நடந்தது. இந்த ஊரில் மண்ணைக் கிளறினால் வாத்திமார் வருவார்கள். அத்தனை பேரும் வாக்கைப் போட்டுவிட்டு வந்து, தலைவர் எந்தப் பக்கம் போகச் சொல்லுவார் என்று ஆவலோடு பத்திரிகை பார்த்தார்கள். 28ஆம் திகதி ஹக்கீம் இராஜினாமாச் செய்து மைத்திரிக்கு ஆதரவு என்று அறிவித்தார். “நல்ல முடிவு, நாங்க போன கிழம அதத்தான் எடுத்த” என்றார் ஓர் அதிபர். ஜனவரி 8இல் மைத்திரி வென்றார். அஷ்ரபுக்குப் பிறகு மரம் கைகாட்டிய ஜனாதிபதி வேட்பாளர்களில் வென்ற ஒரே ஆள் அவர்தான். அவரும் நான்காம் வருடத்தில், ஒரு ஒக்டோபர் மாதம், மஹிந்தவையே பிரதமராக்கி எங்கள் கணக்கைச் சரிசெய்தார்.

திரும்ப 2019க்கு வருவோம். மாப்பிள்ளை சஜித் என்றானதும் பார்த்தால் சின்னம் யானை இல்லை, அன்னம். இது ஐ.தே.க.வின் பழைய வழக்கம்: 2010இலும் அன்னம், 2015இலும் அன்னம். யானைக்காக இரண்டு மாதம் அடிபட்டு, கடைசியில் பறவையில் ஏறி வருவார்கள். ஊரில் பாதிப் பிரசாரம் மூத்தம்மாமாருக்கு யானையைத் தேட வேண்டாம் என்று சொல்வதிலேயே போனது. முப்பத்தைந்து வேட்பாளர்கள், வாக்குச்சீட்டு 26 அங்குலம். மருதமுனையில் அதை விரித்துப் பார்த்த ஒரு நெசவுக்காரர், இந்த நீளத்துக்குச் சின்னப் பிள்ளைக்கு ஒரு சாரன் எடுக்கலாம் என்றார்.

முப்பத்தைந்தில் ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். காத்தான்குடி ஹிஸ்புல்லாஹ், ஜூன் வரை கிழக்கின் ஆளுநர். அவர் கணக்கு இது: ஒருவருக்கும் 50 சதவீதம் கிடைக்காது, முஸ்லிம்கள் முதல் விருப்பை எனக்குப் போட்டு இரண்டாவதை வைத்துப் பேரம் பேசலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது வருடமாகப் புள்ளடி போட்டுப் பழகிய சனத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதப் படிப்பிக்க ஒரு தவணை முழுக்க வேண்டும். நாடு முழுக்க அவருக்கு விழுந்தது 38,814. கோட்டாபய 52 சதவீதத்தைத் தாண்டினார். இரண்டாம் விருப்பு எண்ணப்படவே இல்லை.

ஒக்டோபர் 5ஆம் திகதி மார்ச் 12 இயக்கம் வேட்பாளர்களை ஒரே மேடைக்கு அழைத்தது. நாட்டில் முதன்முதல் நடந்த ஜனாதிபதி வேட்பாளர் விவாதம் என்றார்கள். கோட்டாபய வரவில்லை. மறுநாள் வாங்கில் யார் வென்றது என்று சேரிடம் கேட்டார்கள். அவர் நேர்மையான மனிதர். “வராதவர்” என்றார். அரசியல் விஞ்ஞானம் படித்த எவரும் அந்தத் தேர்தலை இதைவிடச் சுருக்கமாகக் கணித்ததில்லை. (2024இல் சஜித்தும் அனுரவும் விவாதிக்கப் போகிறார்கள் என்று திகதிக்கு மேல் திகதி குறித்துக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கடிதம் மட்டும்தான் நடந்தது. அனுர வென்றார்.)

இதற்கிடையில் கல்முனையின் தென் மதிலுக்கு அப்பால் வேறு கதை. சாய்ந்தமருது தனக்கென்று ஒரு சபை கேட்டுக் கனகாலம். 2018இல் பள்ளிவாசலின் ஆசியோடு தோடம்பழச் சின்னத்தில் சுயேச்சைக் குழு இறங்கி, மரத்தை அந்த ஊரில் வேரோடு பிடுங்கியிருந்தது. கல்முனை சஜித் என்றால் தாங்கள் கோட்டாபய என்று அவர்கள் போனார்கள். குதிரையின் தலைவர் அக்கரைப்பற்று அதாவுல்லா வழி காட்டினார். அஷ்ரப் பாணியில் பேரம்தான், ஆனால் சட்டம் தேர்தலுக்கு முன்னர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 2020 பெப்ரவரி 14ஆம் திகதி, காதலர் தினத்தில், சாய்ந்தமருது நகர சபைக்கு வர்த்தமானி வந்தது. ஊரில் பாற்சோறு. ஒரு வாரத்துக்குள் நிறுத்தி வைத்தார்கள். பாற்சோறு சமைத்த சட்டி கழுவி முடியவில்லை.

விவாதம் என்று சொல்லத்தக்க ஒன்றைத் தமிழில் நாங்கள் கண்டது தேர்தல் முடிந்த பிறகுதான். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதாவுல்லாவும் கொழும்பு எம்.பி. மனோ கணேசனும் எதிரெதிரே இருந்தார்கள். மலையகத்தாரைக் குறித்து அதாவுல்லா ஒரு சொல்லை விட்டார். மனோ மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து அவர் மேல் ஊற்றினார். மியாமியில் இருபது பேருக்கும் முன்னால் தண்ணீர்க் கிளாஸ் இருந்திருக்கும். ஒருவருக்கும் அதன் பயன் தெரியவில்லை.

நவம்பர் 16 வாக்களிப்பு. எங்கள் திகாமடுல்ல மாவட்டத்தில் சஜித்துக்கு 63 சதவீதம். நாட்டில் 42. ஊர் மூன்று நாள் மையத்து வீடு போலக் கிடந்தது. நாலாம் நாள் மீன் சந்தை திறந்தது.

2020இல் பாராளுமன்றத் தேர்தல். சஜித் தொலைபேசிச் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு தனியே போனார். ரணிலின் யானைக்கு நாடு முழுக்க ஒரு மாவட்டத்திலும் ஆசனம் இல்லை, தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்று. அந்த ஒக்டோபர் 22ஆம் திகதி, கோட்டாபயவின் அதிகாரத்தை ஊதிப் பெருப்பிக்கும் இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய கட்சியின் நாலு உறுப்பினர்கள் ஆதரித்துக் கையைத் தூக்கினார்கள். கொரோனாவில் போன ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. 2019இல் அடுப்படியிலிருந்து பேசிய மூத்தம்மா அதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு வசவு சொன்னார். அதை அச்சில் போட இந்தப் பத்திரிகை இடம் தராது.

பிறகு பெற்றோல் முடிந்தது, கேஸ் முடிந்தது, கோட்டாபயவும் முடிந்தார். 2022 ஜூலை 14இல் அவர் எங்கிருந்தோ இராஜினாமாக் கடிதம் அனுப்ப, 20ஆம் திகதி பாராளுமன்றத்தில் ஜனாதிபதித் தெரிவு. முதல் நாள் சஜித் போட்டியிலிருந்து விலகினார். தேசியப் பட்டியலில் வந்த அந்த ஒற்றை ஆசனக்காரர் ரணில், 134 வாக்கு எடுத்து ஜனாதிபதியானார். செயற்குழு இல்லை, கூட்டம் இல்லை, அன்னமும் இல்லை, யானையும் இல்லை. எங்கள் புள்ளடியும் தேவைப்படவில்லை.

கல்முனையில் பெற்றோல் வரிசை கடற்கரை வீதி மட்டும் நீண்டிருந்தது. பழைய ரணில் ஆள், இரண்டு நாளாகத் தன் ஓட்டோவுக்குள்ளேயே படுத்து எழும்பியவர், போனைத் தூக்கிக் காட்டினார்: “பார்த்தியா? மனுசன் வெண்டுட்டாரு! நூத்தி முப்பத்தி நாலு!”

முன்னுக்கு நின்ற மோட்டார் சைக்கிளில் ஒரு முன்னாள் மாநகர சபை உறுப்பினர். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“அதுக்குக் கல்முனையில ஒரு வட்டாரத்துக்கு மெம்பராகவும் ஏலாது, மச்சான்.”